விரல் வைக்கும் முன்னும், வைத்த பின்னும்

வருகைப்பதிவு மெஷின், கதவு திறக்கும் மெஷின் இவற்றை மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. அலுவலகம், ஆலை, மருத்துவமனை, பள்ளி என்று எல்லா இடத்திலும் மாட்டியிருக்கிறேன். சுவரில் மெஷினைப் பொருத்துவது சீக்கிரம் முடிந்துவிடும். வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விரலையும் முகத்தையும் பதிவதில்தான் பொழுது போகும். அந்த வரிசையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் எங்கே போனாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. என் விரலை மட்டும் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறது? இதை யாராவது திருடிவிட்டால் என்ன செய்வது? வேலையை விட்டுப் போனால் என் ரேகை என்ன ஆகும்? பின்னால் இருபது பேர் நிற்கும்போது நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பதிந்தது எங்கே இருக்கும்?

விரலோ முகமோ கருவிழியோ, எதைக் கேட்டாலும் முதலில் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது இதுதான். பதிந்தது என் கையில் இருக்கும் கருவியிலேயே தங்குமா, வேறொருவர் கணினிக்குப் போகுமா? மற்ற முடிவுகள் எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தவை.

போனைத் திறக்க விரல் வைக்கிறீர்கள். விரல் பூட்டு உள்ள ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் அந்த ரேகை, மற்ற ஆப்கள் எட்டிப் பார்க்க முடியாத தனிப் பகுதி ஒன்றில் போனுக்குள்ளேயே இருக்கும். வங்கி ஆப்பைத் திறக்க அதே விரலை வைக்கும்போதும் ரேகை வங்கிக்குப் போவதில்லை. சரியான ஆள்தானா என்று ஆப் கேட்கும், ஆம் அல்லது இல்லை என்று போன் சொல்லும், அவ்வளவுதான். அதனால் போனில் விரல் வைக்கத் தயங்குகிறவர்களிடம் நான் தைரியமாக வைக்கச் சொல்வேன். கூட்டத்தில் நாலு பேர் பார்க்கப் பின் நம்பர் தட்டுவதைவிட அது நல்லது.

அலுவலக மெஷின் விஷயம் வேறு. அங்கே ரேகை உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. மெஷினுக்குள் ஒரு பிரதி இருக்கும். பல இடங்களில் அது ஒரு கணினிக்கோ இணையத்தில் இருக்கும் சர்வருக்கோ இன்னொரு பிரதியாகப் போகும். மெஷின் பொதுவாக ரேகையைப் படமாக வைத்துக்கொள்ளாது. ரேகைக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்று பார்த்து, அந்தப் புள்ளிகளை எண்களாக்கி வைக்கும். அதைத்தான் டெம்ப்ளேட் என்கிறோம். டெம்ப்ளேட்டிலிருந்து ரேகையைத் திரும்ப எடுக்கவே முடியாது என்று விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. அந்தப் புள்ளிகளை வைத்து ஏறத்தாழ ஒத்த ரேகையைத் திரும்ப வரைந்துவிடலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அப்படி வெளியே போன ரேகைகளுக்கு என்ன நடக்கும் என்பதற்கு நடந்ததையே சொல்கிறேன். 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து களவு போன தகவல்களில் 56 லட்சம் பேரின் கைரேகைகள் இருந்தன. 2019-இல், பல நாடுகளில் கதவு திறக்கப் பயன்பட்ட ஒரு மென்பொருளின் தகவல்கள், கைரேகையும் முகமும் உட்பட, பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாஸ்வேர்ட் போயிருந்தால் அன்றைக்கே மாற்றிவிடலாம். இவர்களிடம் எதை மாற்றச் சொல்வது?

ஆகவே அலுவலகத்தில் விரல் கேட்டால் எச்.ஆர். ஆளிடம் மரியாதையாக, ஆனால் பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள். ரேகை எங்கே சேமிக்கப்படுகிறது? பூட்டி, அதாவது குறியாக்கம் செய்து வைக்கிறார்களா? யார் யார் பார்க்கலாம்? நான் விலகினால் எத்தனை நாளில் அழிப்பார்கள்? விரல் கொடுக்க விருப்பம் இல்லாவிட்டால் கார்டோ பின் நம்பரோ உண்டா? கடைசிக் கேள்விக்கு 'அதெல்லாம் கிடையாது' என்று உடனே சொல்லிவிடுவார்கள். நான் பார்த்த அளவில், நான் மாட்டுகிற மெஷின்களில் பெரும்பாலானவற்றில் கார்டு வசதியும் பின் நம்பர் வசதியும் பெட்டியிலிருந்து வரும்போதே இருக்கின்றன. அமைப்பில் போய் அந்த ஆளுக்கு அதைத் திறந்துவிட்டால் போதும். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.

சட்டமும் பல இடங்களில் உங்கள் பக்கம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஆளை அடையாளம் காணப் பயன்படும் உடல் தகவலைத் தனிப்பட்ட காவல் வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008-இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அங்கே ஒரு நிறுவனம் உங்கள் ரேகையையோ முகத்தின் அளவுகளையோ எடுக்க வேண்டுமானால் எழுத்தில் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். மீறினால் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் எப்படி இருந்தாலும் எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை.

விரலை ஒழுங்காகப் பதிவது

மெஷின் பிடிக்கவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி, பதிந்த அன்று அவசரப்பட்டதால் வருவது. பதிவு சரியாக இருந்தால் பிறகு வரும் தொல்லையில் பாதி இல்லை.

எல்லோரும் விரல் நுனியை வைப்பார்கள். அழைப்பு மணியை அழுத்திப் பழகிய கை அப்படித்தான் போகும். நுனியில் ரேகை விவரம் குறைவு. ரேகைகள் சுழன்று கூடுகிற நடுப்பகுதிதான் மெஷினுக்கு வேண்டும். நகத்தின் அடிப்பகுதிக்கு நேர் பின்னால் இருக்கும் சதையைத் தொட்டுப் பாருங்கள். ஏறத்தாழ அதுதான் இடம். விரலைச் சாய்க்காமல், படுக்கை வாட்டில் அந்தச் சதை கண்ணாடியின் நடுவில் படும்படி வையுங்கள். ரொம்ப அழுத்தினால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒட்டிக் கறுப்பாகிவிடும். லேசாக வைத்தால் கோடுகள் விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாக விழும். மெஷின் மூன்று முறை கேட்டால் மூன்று முறையும் விரலை முழுதாக எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். கொஞ்சம் இடமோ வலமோ நகர்ந்தால் கவலை வேண்டாம், அது நல்லதுதான். பிற்பாடு காலை அவசரத்தில் வைக்கும்போதும் அப்படித்தானே விழப்போகிறது.

வறண்ட விரல்தான் பெரிய எதிரி. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒன்று உண்டு. விரலை நெற்றியிலோ மூக்கின் ஓரத்திலோ ஒரு முறை தேய்த்துவிட்டு வைப்பது. தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே போதும், ரேகை தெளிந்துவிடும். விரலில் வாயால் ஊதினாலும் அந்த ஈரம் உதவும். தினமும் கை வெடிக்கிறவர்கள் இரவில் கிரீம் தடவுங்கள், காலையில் துடைத்துவிட்டு வாருங்கள். மாறாக, நீண்ட நேரம் தண்ணீரில் கிடந்து சுருங்கிய விரலை உடனே வைக்காதீர்கள். துடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.

எந்த விரல்? ஆள்காட்டி விரலையோ கட்டை விரலையோ கண்ணை மூடிக்கொண்டு பதிந்துவிடாதீர்கள். செங்கல் தூக்குகிறவர், சிமென்ட் குழைக்கிறவர், ரசாயனத்தில் கை வைக்கிறவர், நாள் முழுக்கத் துவைக்கிறவர், இவர்களுக்கெல்லாம் வேலைக்கையின் அந்த இரண்டு விரல்களும்தான் முதலில் தேயும். மற்றக் கையின் மோதிர விரல் பெரும்பாலும் நன்றாக இருக்கும். எனவே இரண்டு கையிலும் ஒவ்வொரு விரல், அதில் ஒன்று அதிகம் தேயாத விரல். ஒரு விரலில் வெட்டுக்காயம் பட்டுக் கட்டுப் போட்டாலும் இன்னொன்று இருக்கும்.

ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பழுது பார்க்கப் போயிருந்தபோது ஓர் அக்கா தயங்கித் தயங்கி வந்தார். "தம்பி, மெஷினு என்னைய மட்டும் ஏத்துக்க மாட்டேங்குது. போன மாசம் பாதி நாளு ஆப்சென்ட்னு போட்டுட்டாங்க" என்றார். கையை வாங்கிப் பார்த்தேன். வலது கைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தன. சோப்பும் ப்ளீச்சும் சேர்ந்து ரேகையைத் தேய்த்திருந்தன. "அக்கா, இடது கையைக் கொடுங்க" என்று மோதிர விரலை வைத்துப் பார்த்தேன். முதல் தடவையிலேயே எடுத்தது. இரண்டாவதாக அதே கையின் நடுவிரலைப் பதிந்தேன். கூடவே அவருக்குப் பின் நம்பரையும் திறந்துவிட்டேன். மெஷினின் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், அவர் விரல் வைத்துத் தோற்ற நேரங்கள் எல்லாம் அதில் இருந்தன. அத்தனை காலையிலும் அவர் வேலைக்கு வந்திருக்கிறார். அந்தப் பட்டியலை அச்சடித்து மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன்.

இதை உங்களுக்காகவே சொல்கிறேன். மெஷின் உங்களை ஏற்காத நாளில் பேசாமல் போய் வேலையைப் பார்க்காதீர்கள். பல மெஷின்கள் தோற்ற முயற்சியையும் நேரத்தோடு குறித்து வைக்கும். கண்காணிப்பாளரிடம் அப்போதே சொல்லுங்கள், தாளில் கையெழுத்துப் போட ஒரு பதிவேடு கேளுங்கள், போனில் நேரத்தோடு ஒரு செய்தி அனுப்பிவையுங்கள். ரேகை எடுக்காதது மெஷினின் குறை. அதற்குக் கூலி பிடிப்பது அநியாயம். எந்த மெஷின் மாட்டினாலும் இதை நான் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

ரேகை போவதற்கு வேலை மட்டும் காரணம் இல்லை. கேபசிடபின் என்ற புற்றுநோய் மருந்து உள்ளங்கையிலும் பாதத்திலும் தோலை உரிக்கும், சிலருக்கு ரேகையே மறைந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போன ஒரு நோயாளி ரேகை இல்லாததால் விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டார் என்று 2009-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்குத் தோல் மெலிந்து ரேகை மங்குவது சாதாரணம். அவர்களுக்கு முகமோ கருவிழியோ ஒத்துவரும். கருவிழி எடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். நிறக் கான்டாக்ட் லென்ஸ் வேண்டவே வேண்டாம்.

மெஷினையும் கொஞ்சம் கவனியுங்கள். கண்ணாடியில் அழுக்கு ஏறினால் உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். போகாத பிசுக்குக்கு ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்தால் வந்துவிடும். மேலே நேரடியாக ஸ்பிரே அடிக்காதீர்கள். முகம் பார்க்கும் மெஷினை ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் காலை வெயிலில் யாரையும் எடுக்காது. குள்ளமானவரும் சக்கர நாற்காலியில் வருகிறவரும் எட்டும் உயரமா என்று மாட்டும்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயிரம் பேருக்குள் ஒருவரைத் தேடுவது

மெஷின் செய்யும் வேலை இரண்டு வகை. உங்கள் எண்ணைத் தட்டிவிட்டு விரல் வைத்தால், அந்த எண்ணுக்குரிய ரேகையோடு மட்டும் ஒப்பிடும். எண் இல்லாமல் விரலை மட்டும் வைத்தால், உள்ளே இருக்கும் எல்லோரோடும் ஒப்பிட்டு நீங்கள் யார் என்று தேடும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கணக்கைப் போட்டால் பெரிய வித்தியாசம்.

ஐபோன் விரல் சென்சாரை வேறொருவர் விரல் தவறுதலாகத் திறக்கும் வாய்ப்பு 50,000-இல் 1 என்று ஆப்பிள் சொல்கிறது. அதே தரத்தில் ஒரு மெஷின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 1,000 பேர் பதிந்திருந்தால், ஒவ்வொரு முறை விரல் வைக்கும்போதும் 1,000 ஒப்பீடு நடக்கும். யாரோ ஒருவரோடு தவறாகப் பொருந்தும் வாய்ப்பு 50-இல் 1 ஆகிவிடும். உங்கள் வருகை இன்னொருவர் பெயரில் விழுவது இப்படித்தான். ஆட்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் இடத்தில் எண்ணைத் தட்டிவிட்டு விரல் வைக்கும் முறையைக் கேளுங்கள். கூடுதலாக இரண்டு நொடி ஆகும், அவ்வளவுதான். விரல் வைத்ததும் திரையில் வரும் பெயரைப் படிக்காமல் நகராதீர்கள்.

இதே கணக்கு தெருக் கேமராவுக்கும் பொருந்தும், அங்கே விளைவு இன்னும் கொடியது. லட்சக்கணக்கான முகங்களில் ஒன்றைத் தேடினால், சரியான ஆள் அதில் இல்லாவிட்டாலும் கொஞ்சம் ஒத்த முகம் ஒன்று கிடைத்துவிடும். 2020-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸ், கடைக் கேமராப் படத்தோடு மென்பொருள் தவறாகப் பொருத்தியதை நம்பி ஒருவரைக் கைது செய்தது. அவர் அந்தத் திருட்டோடு சம்பந்தமே இல்லாதவர். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, சோதித்த பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களை வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாகத் தவறாகப் பொருத்தின என்று சொன்னது. நம் முகங்களும் அந்தப் பக்கத்தில்தான் வருகின்றன. ஆகவே கேமரா சொல்லிவிட்டது என்று யாராவது உங்கள் மேல் குற்றம் சுமத்தினால், அது துப்பு மட்டும்தான், சாட்சி இல்லை என்று நின்று சொல்லுங்கள். எந்தப் படம், எந்த நேரம், வேறென்ன ஆதாரம் என்று கேளுங்கள்.

போனில் செய்ய வேண்டியவை

போனின் அமைப்புகளுக்குப் போய்ப் பதிந்திருக்கும் விரல்களின் பட்டியலை இன்றே பாருங்கள். அதில் இருக்கும் எந்த விரலும் போனைத் திறக்கும். கவனிக்காவிட்டால் பல ஆப்களையும் திறக்கும். குழந்தை விளையாடுவதற்காகவோ, சொந்தக்காரர் அவசரத்துக்காகவோ எப்போதோ பதிந்த விரல் அங்கே இருக்கலாம். யாருடையது என்று தெரியாததை அழித்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டால் அடுத்த முறை குழப்பம் இல்லை.

முகத்தில் திறக்கும் போன்களில் இரண்டு வகை உண்டு. ஐபோனின் பேஸ் ஐடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகள் 30,000-க்கு மேல் முகத்தில் வீசி ஆழத்தை அளக்கும். வேறொருவர் முகம் அதைத் திறக்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் 1 என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. இரட்டையருக்கும், உருவம் ஒத்த உடன்பிறந்தவருக்கும், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அப்படி இல்லை, முன்புறக் கேமரா எடுக்கும் சாதாரணப் படம்தான். சிலவற்றைப் புகைப்படம் காட்டியே ஏமாற்ற முடியும். உங்கள் போன் எந்த வகை என்று அறிய ஒரு வழி இருக்கிறது. வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள். விரலை ஏற்கும் ஆப் முகத்தை மட்டும் ஏற்கவில்லை என்றால், அந்த முகப் பூட்டைப் பெரும்பாலும் போனே பலவீனமான வகையில் வைத்திருக்கிறது. அப்போது முகத்தை நிறுத்திவிட்டு விரலை வைத்துக்கொள்ளுங்கள்.

விரலுக்கும் முகத்துக்கும் அடியில் எப்போதும் ஒரு பின் நம்பர் இருக்கும். போனை அணைத்துப் போட்டால் அதைத்தான் கேட்கும். ஐபோனில் ஐந்து முறை தோற்றாலும், 48 மணி நேரம் திறக்காமல் கிடந்தாலும் அதைத்தான் கேட்கும். பிறந்த வருடத்தைப் பின் நம்பராக வைத்துவிட்டு விரல் பூட்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை. ஆறு இலக்கம் வையுங்கள், யாராலும் ஊகிக்க முடியாததாக. ஐபோனில் 2024 ஜனவரியில் வந்த திருட்டுப் பாதுகாப்பு வசதியைப் போட்டுவிடுங்கள். பின் நம்பரைப் பார்த்துவிட்டுப் போனைப் பறித்தவன், வீடு மாதிரிப் பழகிய இடத்துக்கு வெளியே உங்கள் கடவுச்சொற்களையும் கணக்கையும் தொடப் பார்த்தால், போன் உங்கள் முகமோ விரலோ கேட்கும்.

தூங்கும்போது விரலைப் பிடித்து வைத்துத் திறந்துவிடுவார்கள், மிரட்டி முகத்துக்கு நேரே காட்டிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பயம் நியாயமானது. பேஸ் ஐடி உள்ள ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தான் ஒன்றையும் சேர்த்து இரண்டு நொடி அழுத்துங்கள். ஆண்ட்ராய்டில் பவர் மெனுவில் 'லாக்டவுன்' என்று இருக்கும், சில போன்களில் அமைப்பில் போய் அதை இயக்க வேண்டும். இரண்டிலும் அதன்பின் பின் நம்பர் போட்டால்தான் திறக்கும். போனைப் பையிலிருந்து எடுக்காமலே கை தானாகச் செய்யும்வரை பழகிக்கொள்ளுங்கள்.

போலி விரல் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். முடியும். 2002-இல் ஜப்பானில் மாட்சுமோட்டோ என்ற ஆய்வாளர் ஜெலட்டினில் விரல் செய்து அன்றைய சென்சார்கள் பலவற்றை ஏமாற்றினார். 2013-இல் ஐபோனில் விரல் பூட்டு வந்த சில நாட்களிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் குழு அதைத் திறந்து காட்டியது. அடுத்த ஆண்டு அதே குழுவைச் சேர்ந்தவர், ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் கலந்துகொண்ட நிகழ்ச்சியில் எடுத்த புகைப்படங்களிலிருந்தே அந்த அமைச்சரின் கட்டை விரல் ரேகையை எடுத்துவிட்டதாக அறிவித்தார். இருந்தாலும், விரல் தெரியப் படம் போடாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. உங்களையே குறிவைத்து ஒருவர் மெனக்கெட வேண்டிய வேலை அது. சாதாரண மனிதர்கள் இழப்பது வேறு வழியில்.

விரல் வைத்துப் பணம் எடுக்கும் இடத்தில்

அந்த வேறு வழி இதுதான். திரையைப் பார்க்காமல் விரல் வைப்பது.

உதவித்தொகைக்கோ பணம் எடுக்கவோ விரல் வைக்கும்போது, ஒவ்வொரு தொடுதலும் நீங்கள் போடும் ஒரு கையெழுத்து. 'எடுக்கலீங்க, இன்னொரு தடவை வைங்க' என்றால் உடனே வைத்துவிடாதீர்கள். முதல் முறை தோற்றதா என்று திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தொகை எவ்வளவு என்று பாருங்கள், படிக்கத் தெரியாதவர் கூட வந்தவரிடம் கேளுங்கள். ரசீதை வாங்குங்கள், போனுக்குச் செய்தி வந்ததா என்று பார்த்துவிட்டு நகருங்கள். முதல் தொடுதலிலேயே பணம் போயிருந்து, இரண்டாவது தொடுதலில் இன்னொரு தொகை போவது நடக்கக்கூடியது. வீட்டில் வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் இதை மட்டுமாவது சொல்லி அனுப்புங்கள்.

பூட்டி வைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். 100 கோடிக்கும் மேலானவர்களின் விரலும் கருவிழியும் பதிந்திருக்கும் இந்தியாவின் ஆதாரில், அதற்குரிய ஆப்பிலோ இணையதளத்திலோ போய் உங்கள் ரேகையைப் பூட்டிவிடலாம். தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறக்கலாம். பூட்டியிருக்கும்போது உங்கள் ரேகையை யார் எங்கே வைத்தாலும் செல்லாது. மாதக்கணக்கில் விரல் வைக்கத் தேவையில்லாதவர்கள் இதைச் செய்யாமல் இருக்கக் காரணமே இல்லை.

குரலை அடையாளமாகக் கேட்கும் வங்கி இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2017-இலேயே ஒரு பிபிசி நிருபரின் இரட்டைச் சகோதரர், நிருபரின் குரலைப் போலப் பேசி ஒரு பெரிய வங்கியின் குரல் சோதனையைத் தாண்டிவிட்டார். இன்று சில நொடிக் குரல் கிடைத்தாலே கணினி அதைப் போலப் பேசுகிறது.

குழந்தைகளின் விரல் வளர வளர மெஷினுக்கு மாறிப்போகும். ஆதாரிலேயே 5 வயதுக்குள் ரேகை எடுப்பதில்லை, 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். பள்ளியில் நூலகத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிள்ளையின் விரலைக் கேட்டால், கார்டு போதாதா என்று பெற்றோர் கேட்க வேண்டும். பள்ளிகளில் நான் மெஷின் மாட்டுகிறவன்தான், ஆனாலும் சொல்கிறேன், போதும். புத்தகம் எடுத்த கணக்குக்கு ஒரு பிள்ளையின் வாழ்நாள் அடையாளம் தேவையில்லை.

வேலையை விட்டு வரும்போது

சம்பளப் பாக்கி, அனுபவச் சான்றிதழ் என்று கேட்டு வாங்குகிறோம். ரேகையை யாரும் கேட்பதில்லை. விலகிப் போனவர்களின் விரல்கள் வருடக்கணக்கில் மெஷினில் கிடப்பதைப் பழுது பார்க்கப் போகும் இடமெல்லாம் பார்க்கிறேன். நிறுவனமே மூடிப்போய், பழைய சாமானோடு மெஷின் விற்பனைக்குப் போகும்போது உள்ளே எல்லோர் ரேகையும் அப்படியே இருக்கும். பழைய மெஷின் கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது உள்ளே இருப்பதை முழுதாக அழிப்பதுதான். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

கடைசி நாளுக்கு முன்பே எச்.ஆருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். என் கைரேகை, முகப் பதிவுகளை மெஷினிலிருந்தும் சர்வரிலிருந்தும் காப்புப் பிரதிகளிலிருந்தும் அழித்துவிட்டு எழுத்தில் தெரிவிக்கவும் என்று இரண்டு வரி போதும். வருகை நேரங்களின் பட்டியலைச் சம்பளக் கணக்குக்காக அவர்கள் வைத்துக்கொள்ளலாம், அதற்கு ரேகை தேவையில்லை. அதையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் கணக்குக்கு வேண்டும் என்றுதான் முதலில் சொல்வார்கள். ஆள் பட்டியலில் உங்கள் பெயரை முடக்கி வைப்பது வேறு, ரேகையை அழிப்பது வேறு. முடக்கினால் கதவு திறக்காது, ஆனால் டெம்ப்ளேட் உள்ளேயே இருக்கும். முடிந்தால் அழிக்கும்போது கூட நின்று, அவர்கள் முடித்த பிறகு உங்கள் விரலை ஒரு முறை வைத்துப் பாருங்கள். 'முடக்கப்பட்டது' என்று வந்தால் அழிக்கவில்லை. 'பதிவு இல்லை' என்று வந்தால் அந்த மெஷினிலிருந்து போய்விட்டது. சர்வர் பிரதிக்குத்தான் அந்தக் கடிதத்துக்கான பதில் வேண்டும்.